காந்த அறை மருமகள்

“சாவி, செல்போன், பர்ஸ் எதுவும் இல்லையே?”

நலம் விசாரிக்க வந்த பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்வதற்குள் இந்தக் கேள்வி வாசலிலேயே அவரை மடக்கியது. மனிதர் திடுக்கிட்டுச் சட்டைப்பையைத் தடவினார். “எல்லாம் இருக்கேம்மா. உள்ள கொண்டு வரக் கூடாதா?” அதற்குள் மருமகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஐயோ, வீடுன்னு மறந்துட்டேன் பெரியப்பா. வாங்க, வாங்க.” சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் மட்டும் வந்தது: “சொன்னபடி கழட்டி வச்சிடுங்க. இல்லைன்னா படுக்கச் சொல்லிடுவா.”

மருத்துவமனையில் அவளுக்கு ஸ்கேன் அக்கா என்று பெயர். கீழ்த்தளத்துக் கடைசி அறையில் இருக்கும் பெரிய காந்தத்துக்கு அவள்தான் காவல். குகைபோல வாயைத் திறந்துகொண்டிருக்கும் அந்த இயந்திரத்துக்குள் ஆளைப் படுக்கவைத்துத் தள்ளினால், தலைக்குள்ளும் முதுகுக்குள்ளும் இருப்பதைப் படம் எடுத்துக் கொடுக்கும். இரும்பு என்று பேர் சொல்லிக்கொண்டு எது உள்ளே போனாலும் பறந்து போய் ஒட்டிக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சாப்பாட்டு டப்பாவின் மூடி அப்படிப் பறந்ததாகவும், அதைப் பிய்த்தெடுக்க இரண்டு ஆம்பளைகள் மூச்சைப் பிடித்து இழுத்ததாகவும் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்லுவாள். “யாரோ ஒரு லூசு உள்ள கொண்டு போயிடுச்சு” என்று முடிப்பாள். அந்த லூசு அவள்தான் என்பது அவளோடு ஷிப்ட் மாற்றிக்கொள்ளும் தோழிக்கு மட்டும்தான் முதலில் தெரியும். அவள் சொல்லிவிடுவாளோ என்று பயந்து, இப்போதெல்லாம் இவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறாள்.

வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொருவரையும் மூன்று தடவை கேட்பது அவள் வழக்கம். அதற்கு ஒரு சித்தாந்தமே வைத்திருக்கிறாள். “முதல் தடவை கேட்டா, ‘ஒண்ணுமில்ல’ம்பாங்க. ரெண்டாவது தடவை கேட்டா, ‘அதான் இல்லைன்னு சொன்னேனே’ன்னு எரிஞ்சு விழுவாங்க. மூணாவது தடவை கேட்டாதான் கை தானா தலைக்குப் போகும், கொண்டை ஊசி வரும். பொய் சொல்லணும்னு யாரும் சொல்றதில்லைங்க. ரொம்ப நாளா உடம்போட இருக்கறது, இருக்குன்னே தெரியாது.” சொல்லிவிட்டுத் தட்டை நீட்டுவாள். அதில் மோதிரமும் சாவியும் பல் செட்டும் வந்து விழும்.

உள்ளே போகிறவர் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுப்பாள். பயமாக இருந்தால் அழுத்த வேண்டும், வெளியே மணி அடிக்கும். குழந்தைகளாக இருந்தால் அம்மாவையோ அப்பாவையோ கால்மாட்டில் நிறுத்தி, “கட்டைவிரலைப் பிடிச்சுக்கோங்க. அது போதும். வெளிய ஆள் இருக்குன்னு உள்ள தெரியும்” என்பாள். பெரியவர்கள் யாராவது வாய்விட்டுத் துணை கேட்டால் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவாள். பந்தை வாங்கின கையோடு அழுத்துகிறவர்களை வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டுவாள். மீசையை முறுக்கிக்கொண்டு உள்ளே போன ஒரு பயில்வான், இயந்திரம் முனகக்கூட ஆரம்பிக்காதபோது மணியடித்ததை அவள் நடித்துக் காட்டினால் மாமியாராலேயே சிரிப்பை அடக்க முடியாது.

ஆனால் உள்ளே போகிற எல்லோரும் ஒரே மாதிரி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “இந்தக் காந்தம் உடம்பை ஒண்ணும் பண்ணாதேம்மா?” அவள் தலையணையைச் சரிசெய்துகொண்டே சொல்லுவாள்: “ஒண்ணும் பண்ணாது. பூமியே ஒரு காந்தம்தாங்க. அது மேலதான தினமும் படுத்துத் தூங்கறோம்?” பூமியைப்போல இது எத்தனை ஆயிரம் மடங்கு என்பதை அவள் சொல்லுவதில்லை. இயந்திரத்தின் வாயருகே சட்டென்று தலையைத் திருப்பினால் தனக்கு லேசாகக் கிறுகிறுப்பதையும், நாக்கில் காசைச் சப்பியதுபோல ஒரு ருசி வந்து போவதையும்கூடச் சொல்லுவதில்லை. வெளியே வந்ததும் அது போய்விடும். போய்விடுகிறதைச் சொல்வானேன் என்று விட்டுவிட்டாள். முக்கியமாக மாமியார் காதில் விழக் கூடாது.

மாமியார் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ வசதி, எதிர்த்து நாலு வார்த்தை பேசியிருக்கலாம். அவர் சண்டை போட மாட்டார், செய்தி வாசிப்பார். காலையில் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பேப்பரைப் பிரித்தால், உலகத்தில் எந்த மூலையில் மின்கம்பிக்கு அடியில் குடியிருந்தவர்களுக்குத் தூக்கம் கெட்டது, எந்த எலிக்கு என்ன சுரப்பி வீங்கியது என்பதெல்லாம் இட்டுக்கட்டாமல் உரக்க வரும். கடைசியில், “உனக்குன்னு படிக்கல, சும்மா படிச்சேன்” என்று ஒரு வரி. மருமகளின் வேலை உடுப்பை மட்டும் கொடியின் கடைசியில், ரேடியோவுக்கு எட்டாத தூரத்தில் காயப்போடுவார். மருத்துவமனைக்குச் சாப்பாடு கொண்டுவந்தால் வெளிக்கேட்டிலேயே பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். அந்தக் கேட்டைத் தாண்டி அவர் ஒரு நாளும் வந்ததில்லை.

இந்தப் பயத்துக்கு விதை போட்டது அவருடைய மகன்தான். அவன் கடிகாரம் பழுது பார்க்கிறவன். கடைத்தெருவில் ஒரு ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் கடை. கல்யாணம் ஆன புதிதில் மனைவிக்கு ஒரு பழைய கைக்கடிகாரத்தைத் தன் கையாலேயே பிரித்துச் சுத்தம் செய்து கட்டிவிட்டான். புது மயக்கத்தில் அவள் அதோடு காந்த அறைக்குள் போய்விட்டாள். அடுத்த நாளிலிருந்து அது தலைதெறிக்க ஓட ஆரம்பித்தது. மற்றவர்களுக்குப் பகல் சாப்பாட்டு வேளை என்றால் அதற்குப் பொழுது சாய்ந்துவிடும். அவன் அதை வீட்டுக்கே கொண்டுவந்து, ஒரு சின்ன நீலப் பெட்டியின் மேல் வைத்து, சிவப்புப் பொத்தானை அழுத்தினான். பெட்டி ‘உம்ம்’ என்று முனகியது. கடிகாரத்தை மெதுவாக மேலே தூக்கி எடுத்தான். “உள்ள காந்தம் ஏறிடுச்சும்மா. எடுத்துட்டேன், இனிமே சரியா ஓடும்” என்றான்.

மாமியார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்: “எவர்சில்வர் மூடி போட்ட கடிகாரத்தையே விட்டு வைக்காத காந்தம், இவ வயித்தை விட்டுடுமாடா?”

ஐந்து வருஷமாகியும் குழந்தை இல்லாத வீட்டில் அந்தக் கேள்வி பிறகு தினமும் சாப்பாட்டு மேஜையில் ஒரு ஆளாக உட்கார்ந்துகொண்டது. “அந்தப் பெட்டி மேல இவளையும் ஒரு தடவை வச்சு எடுடா” என்று மாமியார் விளையாட்டாகச் சொல்லுவார். மகனும் மருமகளும் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு யார் முகத்தை யார் பார்ப்பது என்றுதான் தெரியாது. கடிகாரம் அதற்குப் பிறகு அலமாரியில்தான் இருக்கிறது. கடிகாரக்காரன் பெண்டாட்டி வழியில் போகிறவரிடம் மணி கேட்கிறாள் என்று தெருவில் ஒரு கேலி உண்டு, அதை ஆரம்பித்து வைத்தவளும் அவள்தான்.

போன வருஷம் அவளுக்கு மாதக் கணக்கு தப்பித் தப்பி வந்தது. தலைவலி வேறு. ரத்தம் கொடுத்துப் பார்த்தாள். பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் சுரக்கவைக்கிற ஹார்மோன் அவளுக்கு எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது. அது ஏறினால் கரு தங்குவது கஷ்டம் என்று ரிப்போர்ட்டைப் பார்த்த நர்ஸ் சொன்னாள். தோழியிடம் இவள் அதைச் சொன்ன விதம் இதுதான்: “விருந்தாளி இன்னும் அவங்க வீட்டை விட்டே கிளம்பல. எனக்குள்ள அடுப்பைப் பத்த வச்சு சமையலே ஆரம்பிச்சாச்சாம்.” இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தோழி போன பிறகு இவள் துணி மாற்றும் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள்.

அன்று வேலை முடிந்து நேரே கணவனின் கடைக்குப் போனாள். அவன், “ரெண்டு நிமிஷம் கடையைப் பார்த்துக்கோ” என்று டீ வாங்கப் போனான். மேஜையில் நீலப் பெட்டி இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். பட்டயம் படித்தவள், காந்தப் பாடத்தில் வகுப்பிலேயே முதலாக வந்தவள், அந்தப் பெட்டியைத் தூக்கி அடிவயிற்றோடு அணைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். பெட்டி ‘உம்ம்’ என்றது. காந்தத்தை விரட்டுவதற்கு இன்னொரு காந்தத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம் என்பது அவளுக்குத் தெரியும். மெத்தப் படித்த மேதாவி என்று தன்னைத் தானே வைதுகொண்டு இன்னொரு தடவையும் அழுத்தினாள். நிமிர்ந்தால் இரண்டு கையிலும் டீயோடு கணவன் நிற்கிறான்.

அவன் சிரிக்கவில்லை. கிளாஸை மேஜையில் வைத்தான். “பொத்தானை விட்டுட்டு எடுக்கக் கூடாது. அழுத்திக்கிட்டே மெதுவா விலக்கணும். அப்பதான் முழுசா போகும்” என்றான். அதைக் கேட்டு அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அது எங்கே அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. டீ ஆறிப்போனது.

ஹார்மோன் டாக்டரிடம் போனபோது அவள் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அவளையே தூக்கிவாரிப்போட்டது. “இந்தக் காந்தம் உடம்பை ஒண்ணும் பண்ணாதே டாக்டர்?” அதே வார்த்தைகள், அதே இழுப்பு. தலையணைக்குப் பதிலாக டாக்டர் பேனாவைச் சரிசெய்துகொண்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

“நீங்க உங்க பேஷண்ட்டுகளுக்கு என்ன சொல்றீங்க?”

“ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்றேன்.”

“அப்புறம் என்ன?”

“அவங்க வந்து படுத்துட்டுப் போயிடறாங்க டாக்டர். நான் அங்கயே குடித்தனம் பண்றேனே.”

டாக்டர் சிரித்துவிட்டார். ஆனால் பதிலை மழுப்பவில்லை. “ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்கம்மா. ஒருத்தர் தூக்கத்துக்கான ஹார்மோன் குறையுதுங்கறார். இன்னொருத்தர் அதையே திரும்பச் செஞ்சு பார்த்துட்டு ஒண்ணும் காணோம்ங்கறார். உங்க ஹார்மோனை இது ஏத்துச்சுன்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல. ஆனா பழியைத் தூக்கிக் காந்தத்து மேல போட்டுட்டு உட்கார்ந்துட்டா, நிஜக் காரணம் பின்வாசல் வழியா ஓடிடும். வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?”

“இல்ல டாக்டர்.”

“எதுவுமே?”

“அதான் இல்லைன்னு சொன்னேனே.”

வெளியே கூட்டம் காத்திருந்தது. டாக்டர் மூன்றாம் தடவை கேட்கவில்லை. தலைவலியும் இருப்பதால் மூளைக்கடியில் இருக்கும் சுரப்பியில் சின்னக் கட்டி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிடலாம், தலைக்கு ஒரு ஸ்கேன் எடுங்கள் என்றார். எங்கே எடுப்பது என்று மட்டும் சொல்லவில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது மாமியார் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. “அந்தக் குகைக்குள்ளயே தலையை விடச் சொல்றாங்களா? திருடன் கையிலயே சாவியைக் கொடுக்கற கதையால்ல இருக்கு?” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “படம் எடுத்துக்கோ. உள்ள ஏதாச்சும் இருக்குன்னு வந்தா மட்டும், அந்த வேலை வேண்டாம்மா. எனக்காக விட்டுடு.” கணவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள், “சரி அத்தை” என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, மனம் ஒப்பவில்லை. பயந்து நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள், எழுந்து போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு, “அவ்வளவுதானாம்மா?” என்று கேட்பார்களே, அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் அந்த வேலையில் இருக்கிறாள். அது போய்விடும். குழந்தையும் வராமல், வேலையும் இல்லாமல், மாமியாரோடு பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தன்னை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஸ்கேன் அன்று கணவன் கடையில் ஒரு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தான். மாமியார் கூடவே கிளம்பினார். கேட் வந்தது. நின்றார். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தண்ணீரில் இறங்குகிறவர்போல உள்ளே காலெடுத்து வைத்தார். நடையில் காந்த அறைக்கு ஆகத் தூரத்தில் இருந்த பெஞ்சில் போய்ப் பையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

தோழி தட்டை நீட்டினாள். “ஏதாச்சும் இருக்காடி?”

“என்கிட்டயேவா? ஒண்ணுமில்ல.”

“இருக்கா?”

“அதான் இல்லைன்னு…”

“இருக்காடி?”

கை தானாகச் சுடிதார் பைக்குள் போனது. பளபளவென்று ஒரு மாத்திரை அட்டை வெளியே வந்தது. பாதி காலி.

“இது என்னது?”

“வயித்துக்குடி. எரிச்சல், குமட்டல். நேரத்துக்குச் சாப்பிடறதில்லல்ல.”

“எவ்வளவு நாளா?”

“அது… இங்க சேர்ந்ததுலேருந்து.”

“டாக்டர்கிட்ட சொன்னியா?”

“மாத்திரை சாப்பிடறியான்னுதான் கேட்டாங்க. இது மாத்திரையாடி? இது சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டுக்கறது.”

தோழி தலையில் அடித்துக்கொண்டு போனைப் போட்டாள். டாக்டரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. “குமட்டலுக்குப் போடற அந்த மாத்திரையே அந்த ஹார்மோனை ஏத்தும். இதைத்தானேம்மா ரெண்டு தடவை கேட்டேன்?” இவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “மூணு தடவை கேட்டிருக்கணும் டாக்டர்.” மாத்திரையை இன்றோடு நிறுத்திவிட்டுப் பிறகு ரத்தம் பார்க்கலாம், ஆனால் தலைவலி இருக்கிறது, வந்ததுக்குப் படத்தையும் எடுத்துவிடுங்கள் என்றார் டாக்டர்.

படத்தில் கட்டி எதுவும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். மாத்திரையை நிறுத்திய பிறகு ஹார்மோனும் இறங்கி, கணக்கும் ஒழுங்குக்கு வந்தது. குழந்தை இன்னும் இல்லை. வரும் என்று டாக்டர் சொல்கிறார். வேலையும் போகவில்லை. “மாத்திரைதான்னு சொல்றாங்க, ஒத்துக்கறேன். ஆனா காந்தமும் கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருந்திருக்காது” என்று சொல்லிக்கொண்டு மாமியார் இன்றைக்கும் பேப்பர் வாசிக்கிறார். தலைவலிக்குக் காரணம் அந்தப் பேப்பர் வாசிப்புதான் என்று மருமகள் அவர் காதுபடவே சொல்லுகிறாள். இதெல்லாம் சரி. ஆனால் கேட்கிறவர்களிடம் அவள் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த முடிவையெல்லாம் அல்ல, அன்றைக்குத் தன் வீரம் எந்த லட்சணத்தில் இருந்தது என்பதைத்தான்.

படுக்கவைத்தார்கள். முகத்துக்கு மேல் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டினார்கள். அதில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு, படுத்தவாக்கில் தன் கால்மாட்டைப் பார்த்துக்கொள்ளலாம். எத்தனை பேருக்கு மாட்டியிருக்கிறாள், உள்ளேயிருந்து அது இவ்வளவு நெருக்கமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. பந்தைக் கையில் கொடுத்தார்கள். படுக்கை உள்ளே நகர்ந்தது. கதவு மூடியது.

மணி அடித்தது.

“என்னடி? இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!” ஒலிபெருக்கியில் தோழி.

“பந்து வேலை செய்யுதான்னு பார்த்தேன்.”

“செய்யுது. ஆடாம படு.”

மறுபடியும் மணி அடித்தது. “துணைக்கு ஆள் அனுப்பவா?” என்றாள் தோழி. பயில்வானின் மீசை ஞாபகம் வந்தது அவளுக்கு. “ம்” என்றாள்.

கதவு திறந்தது. வாசலில் தோழி யாரையோ மூன்று தடவை கேட்பது உள்ளே கேட்டது. கொண்டை ஊசிகள் தட்டில் விழுந்துகொண்டே இருந்தன. சாவிக்கொத்து விழுந்தது. மூக்குக்கண்ணாடி விழுந்தது.

“உடம்புக்குள்ள ஏதாவது இரும்பு வச்சிருக்காங்களாம்மா? ஆபரேஷன் ஏதாச்சும்?”

“எனக்குள்ள என்னம்மா இருக்கு? இவளைப் பத்தின கவலைதான் இருக்கு. அது ஒட்டிக்குமா?”

சின்னக் கண்ணாடியில் மாமியார் வந்தார். கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. காதில் பஞ்சு. கண்ணாடி இல்லாத கண்களைச் சுருக்கிக்கொண்டு, இரண்டு கையையும் உடம்போடு ஒட்டவைத்து, முள்காட்டில் நடக்கிறவர்போல ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தார்.

“அத்தை, நீங்க எதுக்கு வந்தீங்க? வெளிய இருங்க. உங்களுக்கு ஏதாச்சும் ஆயிடப் போகுது.”

“ஒண்ணும் பண்ணாது. நீ படு.”

கதவு மூடியது. இயந்திரம் தடதடவென்று இடிக்க ஆரம்பித்தது. மாமியாரின் தோள்கள் குலுங்கின, கண்கள் இறுக மூடிக்கொண்டன. கைகள் மட்டும் தடவித் தடவி முன்னால் வந்து, மருமகளின் கால் கட்டைவிரலைத் தேடிக் கண்டுபிடித்து, இறுக்கிப் பிடித்துக்கொண்டன.